பூனைக்கு ஒரு மூலை

அத்தை ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் அவர் மூக்குதான் உள்ளே போகும். வாசற்படியில் நின்று, முகத்தைச் சற்றே தூக்கி, இரண்டு முறை மூச்சை இழுப்பார். "ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?" என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வீட்டில் நேற்றைய குழம்பைச் சுண்ட வைக்கிறார்களா, குழந்தைக்கு வயிறு சரியில்லையா, மூலையில் ஈரத்துணி கிடக்கிறதா, எல்லாம் அந்த இரண்டு இழுப்பில் தெரிந்துவிடும். பால்காரர் செம்பை நீட்டினால் பாலை மோந்து பார்ப்பார். கடையிலிருந்து நூல் வந்தால் நூலை மோந்து பார்ப்பார். பருப்பு நல்ல பருப்பு என்று செட்டியார் சத்தியமே செய்தாலும் கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோகாமல் நம்பமாட்டார். நான் கல்யாணமாகி ஜலகண்டாபுரத்துக்கு வந்த அன்று, ஆரத்தி எடுத்தவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்த அவர், என்னையும் மோந்து பார்த்தார் என்றுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவர் என் மாமனாரின் தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். என் மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் அந்த வீட்டில் அடுப்பும் ராட்டையும் அவர் பொறுப்பு. என் கணவர் அவரை அத்தை என்று கூப்பிட்டார். முறை பார்த்தால் நான் வேறு என்னவோ கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மாமியாரைக் கூப்பிடுவதற்கென்று கொண்டுபோன அந்தச் சொல் என்னிடம் சும்மாதானே கிடந்தது. நானும் அத்தை என்றே கூப்பிட்டேன்.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. யார் எதைத் திட்டினாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். "பின்ன அது எங்க போவும்?" என்பார். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் மழையைத் திட்டுவார், பஞ்சாயத்தைத் திட்டுவார், மேட்டில் வீடு கட்டிய எதிர்வீட்டுக்காரரையும் திட்டுவார். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "தண்ணிக்கு நம்ம மேல கோவமா என்ன? அது எங்க போவுமுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு மம்முட்டியை எடுத்துச் சந்தோரமாக ஒரு வாய்க்கால் இழுப்பார். ஒருமுறை உறவுக்காரப் பெண் ஒருத்தி குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். குழந்தை பாயிலேயே போய்விடுகிறது என்று விடிந்ததும் அதற்கு அடி விழும். அத்தை குழந்தைக்கு மந்திரிக்கவும் இல்லை, தாய்க்கு உபதேசம் பண்ணவும் இல்லை. பாயை எடுத்துப் புறக்கடைக் கதவருகே போட்டார். கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதை அன்றே ஆசாரியைக் கூப்பிட்டு இறக்கி அடிக்கச் சொன்னார். அடுத்த நாள் பாய் காய்ந்து கிடந்தது. அந்தத் தாழ்ப்பாள் கடைசிவரை இடுப்பளவிலேயே இருந்து என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவள் எதையாவது குறை சொல்லலாமென்று வாயைத் திறந்தால், அந்தக் குறைக்குப் பரிந்து பேச ஓர் ஆள் தயாராக இருந்தால் எப்படி இருக்கும்?

பூனை விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு குழித்தறிகள். தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்வார்கள். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்கு விறைப்பு வேண்டும் என்று கஞ்சி போட்டிருப்பார்கள். அந்தக் கஞ்சி வாசம் எலிகளுக்குக் கல்யாண அழைப்பு மாதிரி. ஒருமுறை வேட்டிக்கு ஏற்றிய பாவை எலிகள் குதறிவிட்டதில் மாமனார் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் சாம்பல் நிறத்தில் கோடு போட்ட ஒரு பெட்டைப் பூனை வீட்டுக்கு வந்தது. வந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. எலிகள் அக்கம்பக்கத்துக்குக் குடிபோயின. அதுவரை எல்லாம் சரி.

ஒருநாள் காலையில் மாமனார் சாமி கும்பிட்டுவிட்டு, திருநீறு மணக்கத் தறியில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டார். விட்ட கால் மிதிகட்டையைத் தொடுவதற்கு முன்னால் வேறொன்றைத் தொட்டது. அப்போது அவர் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒற்றைக் காலில் கிணற்றடிவரை அவர் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து நானும் என் கணவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம். மறுநாளும் அதுவே நடந்தது. பிறகு குழியிலிருந்து மூத்திர நாற்றம் மேலே ஏற ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பூனை நாற்றம் துணியில் ஏறினால் லேசில் போகாது. நாறுகிற வேட்டியை ஜவுளிக்காரர் தொடமாட்டார்.

பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, மேட்டூர்ப் பக்கம் காவேரிக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டால் அது திரும்பாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தண்ணீர் தாண்டினால் அதற்கு வழி மறந்துவிடுமாம். மாமனார் சாக்கை எடுத்து உதறி வைத்துவிட்டார்.

"அதுக்கு எடம் எங்கன்னு நாம காட்டவே இல்லீங்களேண்ணா. அது எங்க போவும்?" என்றார் அத்தை.

"இந்தப் பாவு அறுக்கற வரைக்கும் பாப்பேன் அம்மிணி. அப்பறம் அது போற எடம் காவேரிதான்" என்றார் மாமனார்.

நெசவு வீட்டில் கெடுவெல்லாம் பாவைக்கொண்டுதான். தறியில் ஏற்றிய நூலை நெய்து முடித்துத் துணியை அறுத்தெடுக்கிற நாள்வரை பூனைக்கு அவகாசம் கிடைத்தது. அதன் வக்கீல் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார்.

இப்போது என் மகள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அது வெளிக்குப் போகும் தட்டில் போடுகிற மண் கடையிலிருந்து பையில் வருகிறது. மரத்தூளில் செய்தது, மக்காச்சோளத்தில் செய்தது, பூமிக்குக் கெடுதல் இல்லாதது என்றெல்லாம் பையின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்று மகளும் மருமகனும் ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அத்தை அந்த வாதத்தைத் தனி ஆளாக, ஜலகண்டாபுரத்தில் கையில் கிடைத்ததை வைத்து நடத்தினார்.

நூல் கட்டு வந்த பழைய மரப்பெட்டி ஒன்றை எடுத்து, பூனை ஏறி இறங்க வசதியாக ஒரு பக்கத்தை அறுத்துத் தணித்தார். முதலில் ஆற்று மணல் போட்டார். பூனைக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மணல் அதன் காலில் ஒட்டிக்கொண்டு தறிவரை வந்தது. பாவில் மணல் பட்டால் இழை அறுந்துவிடும். மாமனார் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தபடி சாக்கைப் பார்த்தார். அடுத்து அடுப்புச் சாம்பல் வந்தது. நாற்றம் போயே போய்விட்டது, ஆனால் நெய்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியின் மேல் பூனை நடந்து போனது. கரை போட்ட வேட்டிக்குப் பூவேலையும் சேர்ந்தது. மரத்தூள் கொண்டுவந்தார். அது காற்றில் பறந்து கஞ்சி போட்ட பாவில் அப்பிக்கொண்டது. கடலைத்தோலைப் பொடித்துப் போட்டார். அதில் ஒட்டியிருந்த பருப்புத் துணுக்குகளைத் தின்ன, போன எலிகள் திரும்பி வந்தன. ஜவ்வரிசி ஆலையிலிருந்து மரவள்ளித் தோலை வாங்கிக் காயவைத்துக்கூடப் போட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆடு வந்து, பூனை உபயோகப்படுத்துவதற்குள் பெட்டியையே காலி செய்துவிட்டுப் போனது. அடுத்துப் போட்ட உமியைப் பூனை காலால்கூடத் தொடவில்லை. அது குத்தியிருக்க வேண்டும். பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, உமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இறங்கிப் பழையபடி குழிக்கே போனது.

ஒவ்வொன்றும் தோற்கும்போது அத்தை பூனையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டதை அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டு, பெட்டியை மோந்து பார்த்து, "இது ஆவாது" என்பதோடு சரி. வேட்டி பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் தறி ஓய்ந்திருந்த நேரத்தில் அவரைக் காணோம் என்று தேடினால், தறிக்குழிக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மயக்கமோ என்று தோளைத் தொட்டேன்.

"சத்தம் போடாத சாமி. இங்க அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.

வெளியே வந்து சொன்னதைத்தான் இப்போதும் நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். குளிர்ச்சியாக இருக்கிறதாம். இருட்டாக இருக்கிறதாம். மண் பொலபொலவென்று காலுக்கு இதமாக இருக்கிறதாம். முக்கியமாக, யாரும் பின்னாலிருந்து வரமுடியாதாம். "அந்த நேரத்துல யாரு வாராங்களோன்னு பயந்துட்டே இருந்தா எந்த உசுருக்குத்தான் ஆவும்?" என்றார். பெட்டியை அதுவரை அவர் அடுப்படிப் போக்குவரத்து வழியில் வைத்திருந்தார். எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவோம். பூனைக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

பெட்டி, தானியம் கொட்டி வைக்கும் மண் மொடாவுக்குப் பின்னால் இருந்த மூலைக்குப் போனது. குழியிலிருந்தே மண்ணைச் சுரண்டிச் சலித்து எடுத்தார். நாற்றத்துக்கு அதோடு உமிக்கரியைக் கலந்தார். உமிக்கரி என்றால் கருகிய உமி, அந்தக் காலத்தில் நாங்கள் பல் விளக்கிய பொடி. அது பூனைப் பெட்டிக்குப் போவதைப் பார்த்த மாமனார் தன் பங்கை ஒரு டப்பாவில் போட்டு விட்டத்தில் ஏற்றி வைத்துக்கொண்டார். பெட்டியின் வாசலில் அத்தை ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டார். பூனை வெளியே வரும்போது அதன் மேல் நடந்தாக வேண்டும். காலில் ஒட்டியதெல்லாம் சாக்கிலேயே தங்கிவிட்டது. மாமனார் எடுத்து வைத்திருந்த அதே சாக்குதான் அது. இன்னொரு பக்கம் குழியைச் சாணி போட்டு மெழுகி, தறி ஓயும்போதெல்லாம் பலகை போட்டு மூடினார். அன்று சாயங்காலமே பூனை மொடாவுக்குப் பின்னால் போய்ச் சுரண்டும் சத்தம் கேட்டது. அத்தை ராட்டையை நிறுத்தி எங்கள் எல்லோரையும் பார்த்தார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் தாய் மாதிரி இருந்தது அந்த முகம்.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. மாமனாருக்குத் திடீரென்று சுத்தத்தில் அக்கறை பிறந்து, சேலத்திலிருந்து ஒரு புட்டி பினாயில் வாங்கி வந்து பெட்டியில் தாராளமாக ஊற்றிவிட்டார். பூனை அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழிமேல் இருந்த பலகையைச் சுரண்டிக்கொண்டு அழுதது. அத்தைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். "உங்க எலையில பினாயில ஊத்துனா நீங்க உக்காருவீங்களாண்ணா?" என்று கேட்டார். பெட்டியை வெந்நீர் விட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து, புது மண் போட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் விட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். பாவு அறுத்த அன்று ஜவுளிக்காரர் வேட்டியை முகத்தருகே தூக்கிப் பார்த்தார். அத்தை அதற்கு முன்பே நாலு மூலையும் மோந்து பார்த்து முடித்திருந்தார். பூனை காவேரியைப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் வேடிக்கை. இனிமேல் சொல்லப்போவது எனக்கு வேடிக்கை இல்லை.

நான் சேலத்தில் வளர்ந்தவள். அங்கே எங்கள் வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. தினமும் ஒரு பெண் பின்சந்து வழியாக வாளியோடு வந்து எடுத்துப் போவாள். அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை, நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவோம். ஜலகண்டாபுரத்தில் அதுவும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன் ஏரிப்பக்கம் முள்காட்டுக்குப் போவார்கள். மறுபடி இருட்டிய பிறகு போவார்கள். நடுவில் ஒரு முழுப் பகல் கிடக்கிறது. ஆண்களுக்கு ஊரில் எந்தச் சுவரும் சம்மதம், பெண்களுக்கு இருட்டு வேண்டும். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பழகிக்கொள்வார்கள் என்று புது மருமகளையும் விட்டுவிடுவார்கள்.

பழகிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதை ஒழுங்காகவே கடைப்பிடித்தேன். வயிற்றில் பிள்ளை தங்கி, வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு அடக்குவது என் கையில் இல்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்தேன். எரிச்சல் வந்தது, இடுப்பு வலி வந்தது, பிறகு குளிர் காய்ச்சல் வந்து படுக்கையில் தள்ளியது. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒளிவுமறைவு இல்லாத ஆள். நிறையத் தண்ணீர் குடி, வந்தால் அடக்காதே, இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று என்னிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டார். வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம்.

அத்தை ஒரு செம்பு நிறையத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்தார். உச்சி வெயில் நேரம். நான் செம்பைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தவர், எழுந்து வந்து செம்பைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தால் இருட்டும்வரை என்ன செய்வது என்று அவரிடம் எப்படிக் கேட்பது? அப்போது பூனை எங்களைத் தாண்டி, வாலைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மொடாவுக்குப் பின்னால் போனது. சுரண்டும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பூனையாப் பொறந்திருந்தா இந்த ஊட்ல எனக்கும் ஒரு மூலை இருந்திருக்குமுங்க அத்தை" என்றேன்.

குத்திக்காட்ட வேண்டுமென்று நான் அதைச் சொல்லவில்லை. காய்ச்சலில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தை என் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, எதையோ எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். அந்தத் தெருவில் பிறந்து, போன வீட்டிலிருந்து திரும்பி வந்து, அவரும் அத்தனை வருஷமாக அதே முள்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அத்தனை வருஷமாக அவரும் பகலெல்லாம் ராட்டையில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மழைத் தண்ணிக்குக் கேட்டேன், பூனைக்குக் கேட்டேன்" என்றார். "நாம எங்க போவோம்னு ஒருக்காக்கூடக் கேக்கத் தோணலியே, சாமி."

எழுந்து நேராகத் தறிக்குப் போனார். மாமனார் நெய்துகொண்டிருந்தார். புறக்கடையில் ஒரு குழி வெட்ட வேண்டும் என்றார் அத்தை. எதற்கு என்று கேட்டார் மாமனார். இந்தப் பிள்ளைக்கு என்றார் அத்தை. தறிச் சத்தம் நின்றுவிட்டது. சாமி படம் மாட்டிய வீட்டின் எல்லைக்குள் அந்தக் காரியமா என்று மாமனார் கேட்டார். கிணறு இருக்கிறது, ஊர் சிரிக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை யார் அள்ளுவது, இதென்ன சேலமா, ஆள் வந்து தூக்கிக்கொண்டு போக என்றார். எனக்கு உள்ளே படுத்திருந்தபடி எல்லாம் கேட்டது. பூமி பிளந்து என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

"யாரும் யாருதையும் அள்ள வேண்டாமுங்க. பூனைக்கு யாரு வந்து அள்ளறாங்க? அதும்மேல மண்ணப் போடுது, அது மண்ணாப் போவுது. கெணத்துக்கும் எட்டத்துல, முருங்க மரத்துக்கு அந்தாண்ட வெட்டலாம்" என்றார் அத்தை.

"செரி, இந்தப் பாவு அறுக்கட்டும். பாக்கலாம்."

"பாவு அறுக்கற வரைக்கும் பூனை பொறுத்துச்சுங்கண்ணா. இவ பொறுத்தாலும் வயித்துல இருக்கறது பொறுக்காது."

மாமனார் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவை எடுத்து மறுபடி நெய்ய ஆரம்பித்தார். அண்ணன் வீட்டில் அண்டியிருக்கும் தங்கை அண்ணனிடம் அதற்கு மேல் பேச முடியாது. அத்தை மம்முட்டியை எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போய், முருங்கை மரத்துக்கு அப்பால் வெட்ட ஆரம்பித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலம் ஜில்லா மண், வெயில் காலத்தில் பாறை மாதிரி இருக்கும். வாய்க்கால் இழுத்துப் பழகிய கைக்குக் குழி வசப்படவில்லை. மம்முட்டி எகிறி எகிறி விழுந்தது. அவர் நிறுத்தவும் இல்லை.

தறிச் சத்தம் திரும்பவும் நின்றது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தங்கையின் கையிலிருந்து மம்முட்டியை வாங்கி, அவர் வெட்டியிருந்த கோணல் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார். கயிறு எடுத்துவரச் சொல்லி நாலு பக்கமும் அளந்து கட்டினார். பிறகு வெட்டினார். தறிக்குழி வெட்டிப் பழகிய கை. சுவர்கள் நேராக, மூலைகள் சதுரமாக, பார்த்தால் அதில் ஒரு தறியைப் பூட்டிவிடலாம் போல இருந்தது. என் கணவர் பழைய தறிப் பலகைகளைத் தூக்கி வந்து போட்டார். அவரைப் பற்றி இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்தார். சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார்கள். உள்ளே அத்தை ஒரு பானையில் சலித்த மண்ணும் சாம்பலும் உமிக்கரியும் கலந்து வைத்து, அள்ளிப் போட ஒரு கொட்டாங்குச்சியும் போட்டார். வாசலில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டார். பினாயில் புட்டியை மட்டும் அத்தை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல், நிதானமாக அங்கே போய் உட்கார்ந்த அன்று நான் அழுதேன். தட்டிக்கு வெளியே அத்தை முருங்கை மரத்தோடு சத்தமாகப் பேசிக்கொண்டு காவல் நின்றார். வெளியே வந்ததும் செம்பை நீட்டினார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். தண்ணீர் அத்தனை ருசி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தெரு சிரிக்கத்தான் செய்தது. பூனைப்பெட்டி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக மத்தியானத்தில் நெருப்பு வாங்க வருவது மாதிரி வந்தார்கள். வந்தவள் முருங்கை மரத்தைப் பார்ப்பாள், அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் வீட்டுச் சாம்பல் எத்தனை பேருக்குக் காணும்? அதனால் ஒரு வழக்கம் தானாக உண்டானது. வருகிறவள் முந்தானையில் மறைத்து ஒரு கொட்டாங்குச்சி அடுப்புச் சாம்பலோ உமிக்கரியோ கொண்டுவந்து பானையில் போட்டுவிட்டுப் போவாள். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் அத்தை தட்டிக்கு முன்னால் நின்று முகத்தைத் தூக்கி இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். தலையை ஆட்டினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குழி நிரம்பியதும் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று வெட்டினோம். மூடிய குழியின் மண்ணை வருஷம் கழித்து முருங்கைக்குப் போட்டார்கள். மாமனார் அந்த மரத்துக் காயைத் தின்னமாட்டேன் என்று கொஞ்ச நாள் பிடிவாதம் பிடித்துவிட்டு, பிறகு தின்றார். எனக்குப் பெண் பிறந்தது. அத்தை குழந்தையைக் கையில் வாங்கியதும் முதலில் உச்சந்தலையை மோந்துதான் பார்த்தார்.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தபோது அத்தைக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மாமனார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். அத்தையைக் கூடத்தில் கட்டிலில் போட்டிருந்தோம். பேச்சு குழறினாலும் புரிந்தது. என்னால் முடிந்தவரை தூக்கிக்கொண்டு போவேன், சில நாள் அதற்குள் தாமதமாகிவிடும். ஒரு மத்தியானம் பக்கத்தில் போனபோது கட்டில் விரிப்பு நனைந்திருந்தது. அத்தை சுவர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"பூனை பண்ணிருச்சு, சாமி" என்றார்.

அப்போது எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் பழைய பூனையின் பேத்தி. அது ஜன்னலில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எந்தப் பூனைமேலும் யாரையும் ஒரு பழி சொல்லவிடாத மனுஷி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதன்மேல் பழி போடுகிறார். பூனையைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன்.

"பின்ன அது எங்க போவுமுங்க அத்தை?" என்றேன். "எடந்தான் சரியில்ல. மாத்திடலாம்."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நன்றாக இருந்த கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கழுவித் துடைத்து உலர்ந்த சேலை கட்டிவிட்டேன். உமிக்கரியும் மண்ணும் போட்ட தொட்டி ஒன்றைக் கட்டிலின் கீழே வைத்தேன். பழைய வேட்டியைப் பைபோலத் தைத்து அதில் உமிக்கரியை நிரப்பி விரிப்புக்கு அடியில் போட்டேன். கட்டிலைப் புறக்கடைக் கதவருகே, தாழ்ப்பாள் இறக்கிய கதவுக்குப் பக்கத்தில், முருங்கைக் காற்று வரும் இடத்தில் இழுத்துப் போட்டோம்.

எல்லாம் முடிந்து நான் நிமிர்ந்தபோது, "நாத்தம் அடிக்குதா, கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்க அத்தை" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை மோந்து பார்க்காமல் அவர் நம்பியது அன்று ஒருநாள்தான்.